டெய்னா போரா தீர்ப்பு: கண்ணெதிரே இருந்ததைப் பார்க்க ஒரு நோய்ப்பெயர் வேண்டியிருந்தது

2015 மார்ச் 3 அன்று லண்டனில் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கின் பெயர் போரா எதிர் தி குயின். செய்யாத கொலைக்காக இரண்டு முறை குற்றவாளி என்று முடிவு செய்யப்பட்டு, இருபது வருஷத்துக்கு மேல் நியூசிலாந்து சிறைகளில் கிடந்த டெய்னா போரா என்ற மாவோரி மனிதரின் தண்டனையை அது ரத்து செய்தது. கருவில் இருக்கும்போது தாய் குடித்த மதுவால் குழந்தையின் மூளைக்கு வரும் பாதிப்பு, அதாவது ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர் (இனி எஃப்ஏஎஸ்டி), குற்றவியல் நீதிமன்றங்களில் பேசப்படும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பும் கூடவே வரும். பெரும்பாலும் பாராட்டாகத்தான் வரும். பாராட்டு நியாயமானதும்கூட.

நீளமான தீர்ப்பு இல்லை. ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். லார்ட் கெர் எழுதியது. சுத்தமான, பதட்டமில்லாத ஆங்கிலம். நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நிம்மதியாக இருந்தது. மூன்றாவது தடவை முடிக்கும்போது ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சங்கடம் என்ன என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கதை. 1992 மார்ச் 23 இரவு. தெற்கு ஆக்லாந்தில் பாபடோடோ என்ற புறநகர்ப் பகுதி. சூசன் பர்டெட் என்ற 39 வயதுப் பெண் பவுலிங் விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். அன்றிரவு தன் வீட்டிலேயே பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டு, அடித்துக் கொல்லப்படுகிறார். அங்கே கிடைத்த விந்தணு யாருடையது என்று போலீஸுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் ஓடுகிறது.

1993 மார்ச்சில் வேறு விஷயமாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் போரா. கொலை நடந்தபோது அவனுக்கு 16. பர்டெட் கொலையைப் பற்றிப் பேச்சு வருகிறது. தகவல் சொன்னால் 20,000 டாலர் பரிசு என்றும், முக்கியக் குற்றவாளியாக இல்லாதவர் மேல் வழக்குப் போடாமல் விட வாய்ப்பிருக்கிறது என்றும் அவனுக்குச் சொல்லப்படுகிறது. நான்கு நாட்கள் விசாரணை. வக்கீல் இல்லை. வேண்டாம் என்று அவனே சொன்னதாகப் பதிவு. உரிமைகளைப் படித்துக் காட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள், காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. அடி உதை கிடையாது. நம் ஊர் லாக்கப் கதைகளோடு ஒப்பிட்டால் இது மரியாதையான விசாரணை என்றே தோன்றும். அதனால்தான் இந்த வழக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பையனின் கதை நாளுக்கு நாள் வளர்கிறது. முதலில் அவன் கும்பல் ஆட்களைக் காரில் கொண்டுபோய் விட்டவன் மட்டும்தான். பிறகு வீட்டுக்குள் வருகிறான். பிறகு அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டவன் ஆகிறான். ஆனால் கொலை நடந்த வீட்டை அவனால் காட்ட முடியவில்லை. தெருவுக்கே கூட்டிப்போகிறார்கள், அப்போதும் முடியவில்லை. கடைசியில் வீடு எது என்பதை போலீஸ்தான் அவனுக்குக் காட்டுகிறது.

இந்த வாக்குமூலத்தை வைத்து 1994-ல் தண்டனை. அந்த இடத்தில் அவன் இருந்தான் என்பதற்கு உடல்ரீதியான தடயம் ஒன்றுகூட இல்லை.

1996-ல் டிஎன்ஏ பொருந்துகிறது, மால்கம் ரேவா என்ற வேறொரு ஆளோடு. ஆக்லாந்தில் வரிசையாகப் பல பெண்களைத் தாக்கியவன். தனியாகவே போவான் என்பதுதான் அவன் பாணி. அவன் சேர்ந்திருந்த கும்பல் வேறு, போராவைச் சுற்றி இருந்தவர்களின் கும்பல் வேறு, இரண்டுக்கும் ஆகாது. போரா சொன்ன பெயர்களில் ரேவா இல்லை. இந்த இடத்தில் வழக்கு இடிந்து விழுந்திருக்க வேண்டும். பாதி விழுந்தது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2000-ல் இன்னொரு ஜூரி அதே வீடியோவைப் பார்த்துவிட்டு மறுபடியும் குற்றவாளி என்றது. அதாவது, போரா ரேவாவோடுதான் போயிருக்கிறான், அந்தப் பெயரை மட்டும் மறைத்துவிட்டான் என்று ஆகிவிட்டது. ரேவாவுக்கு 1998-லேயே பர்டெட்டை வல்லுறவு செய்ததற்குத் தண்டனை கிடைத்திருந்தது. கொலைக் குற்றச்சாட்டில் மட்டும் இரண்டு ஜூரிகளால் ஒருமித்து முடிவெடுக்க முடியவில்லை.

பிறகு டிம் மெக்கினல் என்ற முன்னாள் போலீஸ்காரர் இந்த வழக்கைக் கையில் எடுத்ததும், வக்கீல்கள் சேர்ந்ததும், லண்டன் வரை போனதும் தனிக்கதை. மைக்கேல் பென்னட் அதை 2016-ல் புத்தகமாக எழுதினார், 2018-ல் டிவி படமும் வந்தது. நியூசிலாந்து 2004-ல் தனக்கென்று உச்ச நீதிமன்றம் வைத்துக்கொண்ட பிறகு பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி மூடிவிட்டது. போராவின் வழக்கு பழசு என்பதால் அந்தக் கதவு அவருக்கு இன்னும் திறந்திருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் அதுவும் இல்லை.

லண்டனுக்குக் கொண்டுபோன புதிய சாட்சியங்களில் முக்கியமானது வேலரி மெக்கின் என்ற நரம்பியல் உளவியலாளரின் மதிப்பீடு. போராவுக்கு எஃப்ஏஎஸ்டி இருக்கிறது என்றார் அவர்.

எஃப்ஏஎஸ்டி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தமிழில் இதைப் பற்றி அதிகம் கண்ணில் படுவதில்லை. மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் போய்விடும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதைத் தாங்காது. 1973-ல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1968-ல், பிரான்சில் லெமுவான் என்பவர் கவனித்து எழுதியிருந்தார். ஆரம்பத்தில் எல்லாரும் பார்த்தது முகத்தைத்தான்: மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் வழவழப்பாக இருப்பது, சிறிய கண்கள். பிறகுதான் தெரிந்தது, முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் மூளையில் மட்டும் பாதிப்பு உள்ளவர்களே அதிகம் என்று. நுண்ணறிவு எண் பலருக்கு 70-க்கு மேலேயே இருக்கும், எனவே மனவளர்ச்சிக் குறைபாடு என்ற பட்டியலிலும் வரமாட்டார்கள். நன்றாகப் பேசுவார்கள். பேசுகிற அளவுக்குப் புரிந்திருக்காது. நடந்ததை வரிசையாக நினைவில் வைப்பது கஷ்டம். நினைவில் ஓட்டை இருந்தால் அதை எதையாவது போட்டு அடைப்பார்கள், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல். எதிரே இருப்பவர் தலையாட்டினால் அந்தத் திசையிலேயே போவார்கள். இன்றைக்குச் சொல்வதால் நாளைக்கு என்ன ஆகும் என்ற கணக்கு ஓடாது.

மேலே உள்ள பத்தியை மறுபடி படித்துவிட்டு, நான்கு நாள் விசாரணையில் உட்கார்ந்திருந்த அந்த 17 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். தீர்ப்பு செய்வதும் இதைத்தான். முன்னுக்குப் பின் முரணான, பல இடங்களில் நம்பவே முடியாத வாக்குமூலங்கள் ஒரு பக்கம். எஃப்ஏஎஸ்டி என்ற புதிய கண்டுபிடிப்பு இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாக்குமூலத்தை நம்புவது நீதி பிறழும் ஆபத்து என்கிறது.

இதில் தீர்ப்பின் பலம் எங்கே என்றால், முரண்பாட்டின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. 1994-லும் 2000-லும் ஜூரி முன்னால் இருந்தது இதே முரண்பாடுகள்தான். அப்போது அவற்றுக்கு ஒரே விளக்கம்: பயல் தன் பங்கைக் குறைத்துச் சொல்கிறான், கூட்டாளியைக் காப்பாற்றுகிறான். தந்திரம். சாதாரண மனிதர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். செய்யாத கொலையைச் செய்தேன் என்று, யாரும் அடிக்காமலே, யாராவது சொல்வானா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவரை எத்தனை முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினாலும் ஜூரி அசையாது. மெக்கினின் அறிக்கை கொடுத்தது அந்தப் பதிலைத்தான். அதே வீடியோ, அதே வார்த்தைகள். தந்திரமாகத் தெரிந்தது இப்போது இயலாமையாகத் தெரிகிறது. இந்தத் திருப்பத்தைத் தீர்ப்பு ஆர்ப்பாட்டமில்லாமல் செய்கிறது.

இனி என் சங்கடம்.

அந்த முடிவு இரண்டு தூண்களில் நிற்கிறது: வாக்குமூலம், மூளை. மூன்றாவதாக ஒரு தூண் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது விசாரணை அறை.

கேள்வி கேட்டவர்களிடமிருந்து பதில் சொன்னவனுக்கு எவ்வளவு தகவல் கசிந்தது? என் தொழில் புத்தி இங்கேதான் போய் நிற்கிறது. மென்பொருளில், குறிப்பாக மெஷின் லேர்னிங்கில், டேட்டா லீக் என்று ஒன்று சொல்வோம். ஒரு மாடலுக்குப் பரீட்சை வைக்கிறீர்கள். பரீட்சையின் விடைகள் தெரியாமல் பயிற்சித் தரவுக்குள் போயிருக்கின்றன. மாடல் 98 மதிப்பெண் வாங்கும். அந்த 98-க்கு அர்த்தமே கிடையாது. மாடல் நல்லதா கெட்டதா என்பது அப்புறம், பரீட்சையே செல்லாது. இதைக் கண்டுபிடிக்க மாடலைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. விடை எந்த வழியாக உள்ளே போனது என்று பார்த்தால் போதும்.

போரா வழக்கில் வீட்டைக் காட்டிய சம்பவம் அப்படிப்பட்ட கசிவுதான். கொலைக்குப் போனதாகச் சொல்பவனுக்கு வீடு தெரியவில்லை. வீடு போலீஸுக்குத் தெரியும். போலீஸிடமிருந்து அந்தத் தகவல் அவனுக்குப் போகிறது. திசை தலைகீழ். இதைப் பார்க்க எஃப்ஏஎஸ்டி தேவையா? நரம்பியல் தேவையா? புத்திசாலி, படித்தவன், மூளையில் ஒரு கீறல்கூட இல்லாதவன் அங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்த வாக்குமூலத்தின் அந்தப் பகுதி செல்லாக்காசுதான்.

இந்தத் திசை விஷயத்தைப் பிரிவி கவுன்சிலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1872-ன் இந்திய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக வைக்கக் கூடாது என்றது. பிரிவு 27 அதற்கு ஒரு விதிவிலக்கு: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். (2024 ஜூலையிலிருந்து இவை புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 23-க்குள் வந்துவிட்டன.) அந்த விதிவிலக்குக்கு இன்றுவரை எல்லாரும் மேற்கோள் காட்டும் விளக்கம் புலுக்குரி கோட்டய்யா வழக்கு. மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து லண்டனுக்குப் போனது. தீர்ப்பு சொன்னது இதே பிரிவி கவுன்சில், 1940-களில். ஈட்டியை ஒளித்து வைத்த இடத்தைச் சொன்னது செல்லும், அந்த ஈட்டியால் குத்தினேன் என்றது செல்லாது என்று அங்கே கோடு போட்டார்கள். அதன் பின்னால் உள்ள யோசனை எளிமையானது. போலீஸுக்குத் தெரியாத ஒன்று கைதியிடமிருந்து வந்தால் அதற்கு மதிப்பு. போலீஸுக்கு ஏற்கெனவே தெரிந்தது கைதியின் வாயிலிருந்து வந்தால் அதற்கு என்ன மதிப்பு?

இந்தச் சட்டம் நியூசிலாந்துக்குப் பொருந்தாது, தெரியும். பிரிவு 27-ஐ வைத்துக்கொண்டு நம் ஊரில் என்னென்ன 'கண்டுபிடிப்புகள்' நடத்தப்படுகின்றன என்பதும் தெரியும். நான் சொல்வது அளவுகோலை. அந்த அளவுகோலில் போராவின் வாக்குமூலத்தை வைத்தால், அவரால் போலீஸுக்குப் புதிதாகக் கிடைத்த, சரியென்று நிரூபணமான முக்கியத் தகவல் எது? உண்மையான ஆளின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. அது டிஎன்ஏ சொன்னது.

சட்டம் படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "நீங்க அப்பீலை மறுவிசாரணைன்னு நினைச்சுக்கிட்டு படிக்கிறீங்க. ஜூரி ஏற்கெனவே பார்த்த விஷயத்தை எடுத்துக்கிட்டு, நீங்க தப்பா பார்த்துட்டீங்கன்னு மேல்கோர்ட் சுலபமா சொல்லாது. அவங்க பார்க்காத ஒண்ணு வேணும். எஃப்ஏஎஸ்டி அந்த ஒண்ணு." அவர் சொன்னது சரி. வீடியோ பழையது, இரண்டு ஜூரிகள் பார்த்தது. நோய்ப்பெயர்தான் புதியது. கதவைத் திறக்கும் சாவி அது மட்டுமே என்பதால் வக்கீல்கள் அதைக் கொண்டுபோனார்கள், நீதிபதிகள் அதைக்கொண்டு திறந்தார்கள். போராவின் வக்கீலாக நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் சாவி கிடைத்ததால் கதவு திறந்தது என்பது வேறு, அந்தச் சாவி இல்லாதவன் உள்ளேயே கிடக்க வேண்டியவன் என்பது வேறு. தீர்ப்பை முன்மாதிரியாக எடுத்துக்கொள்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதே என் குறை. இந்தக் குழப்பத்துக்குத் தீர்ப்பும் இடம் கொடுக்கிறது.

அதற்கு ஒரு உதாரணம் கிஸ்லி குட்ஜான்சன் விஷயம். ஐஸ்லாந்தில் போலீஸ் துப்பறிவாளராக இருந்து, பிறகு லண்டனில் உளவியல் பேராசிரியரானவர். பொய் வாக்குமூலம் என்ற துறையையே கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். கேள்வி கேட்பவர் திணிப்பதை ஒருவர் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார் என்று அளக்கும் சோதனை ஒன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. பிரிட்டனின் புகழ்பெற்ற அநீதி வழக்குகளில் சாட்சி சொன்னவர். போராவுக்காகவும் அறிக்கை கொடுத்தார், இந்த வாக்குமூலங்கள் நம்பத்தகாதவை என்று முடிவும் சொன்னார். பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. நம்பத்தகுமா தகாதா என்று முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. முடிவெடுக்கத் தேவையான பொருளைக் கொடுப்பதோடு நிபுணரின் வேலை முடிகிறது. இவர் எல்லை தாண்டிவிட்டார் என்றது. சரி என்று சொல்லிவிட்டு, மெக்கினின் எஃப்ஏஎஸ்டி சாட்சியத்தை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ குட்ஜான்சன் நின்ற இடத்துக்கே நீதிபதிகளும் வந்து சேர்ந்தார்கள்.

கொள்கையாக இதில் தப்பில்லை. நிபுணர்கள் தீர்ப்பெழுத ஆரம்பித்தால் நீதிமன்றம் எதற்கு? ஆனால் விளைவைப் பாருங்கள். இரண்டு நிபுணத்துவங்கள் கதவைத் தட்டின. ஒன்று, வாக்குமூலம் எப்படி உருவாகிறது என்று ஆராய்வது; அது அறையில் இருந்த எல்லாரையும் பார்க்கிறது. இன்னொன்று, அந்த அறையில் இருந்த ஒரே ஒரு ஆளின் மூளையைப் பார்ப்பது. முதலாவது ஓரமாக நிற்க, இரண்டாவது உள்ளே வந்தது. கதை இப்போது இப்படி ஆகிவிட்டது: விசாரணை விசாரணையாகத்தான் இருந்தது, உட்கார்ந்திருந்தவனின் மூளைதான் கோளாறு.

அந்தக் கோளாறுக்குக் காரணம் யார் என்று அடுத்துக் கேட்டால் விரல் நீள்வது அம்மாவை நோக்கி. எஃப்ஏஎஸ்டி என்ற சொல்லிலேயே குற்றவாளி ஒளிந்திருக்கிறாள். போரா சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் அம்மா இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆளில்லை. நான்கு நாட்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் காரண வரிசையில் பின்னால் போய்விட, கருப்பை முன்னால் வந்து நிற்கிறது. தீர்ப்பு அந்தத் தாயைப் பழிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முடிவின் அமைப்பு அப்படி.

சரி, நோய்ப்பெயர்தான் சாவி என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் கையில் அந்தச் சாவி இருக்கிறது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பேங்க்சியா ஹில் என்று ஒரு சிறார் காவல் மையம். அங்கே இருந்த 10 முதல் 17 வயது வரையான 99 பேரை ஒரு குழு முழுமையாகப் பரிசோதித்தது. மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், உடலியக்கப் பயிற்சியாளர் எல்லாரும் சேர்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் மணிக்கணக்கில். 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 36 பேருக்கு எஃப்ஏஎஸ்டி. அந்த 36 பேரில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தவர்கள் இரண்டே பேர். மீதி 34 பிள்ளைகள் போலீஸ் விசாரணை, கோர்ட், ஜாமீன் நிபந்தனை, காவல் என்று எல்லாக் கட்டத்தையும் தாண்டி வந்திருக்கிறார்கள், யார் கண்ணிலும் படாமல்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்ட எண் இன்னொன்று: 99 பேரில் 89 சதவீதம் பேருக்கு மூளை சார்ந்த ஏதாவது ஒரு திறனிலாவது கடுமையான குறைபாடு இருந்தது. அதாவது எஃப்ஏஎஸ்டி என்ற பெயர் கிடைக்காத பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்களுக்கு மொழியோ நினைவோ கவனமோ கடுமையாக அடிவாங்கியிருக்கிறது. அவர்கள் ஏன் அந்த 36-க்குள் வரவில்லை? அன்றைய ஆஸ்திரேலிய வழிகாட்டுதலின்படி பத்துத் திறன்களில் மூன்றிலாவது கடுமையான குறைபாடு இருக்க வேண்டியிருந்தது. முகத்தில் மூன்று அடையாளங்களும் இல்லாவிட்டால், கர்ப்ப காலத்தில் தாய் குடித்தார் என்பது உறுதியாகவும் தெரிய வேண்டியிருந்தது. தாய் இறந்துவிட்டாலோ, குழந்தை வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலோ, பயத்தில் அவள் சொல்லாமல் விட்டாலோ பெயர் கிடைக்காது. மூளை அதே மூளைதான். மருத்துவத்துக்கு இந்தக் கறார் தேவை. ஒரு பையனின் வாக்குமூலத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு அதே கறாரை வாசலில் காவலாக நிறுத்துவது என்ன நியாயம்?

பேங்க்சியா ஹில் ஆய்வில் பங்கெடுத்தவர்களில் 74 சதவீதம் பேர் அபாரிஜினல் பிள்ளைகள். நியூசிலாந்துச் சிறைகளில் மாவோரிகளின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிட மிக அதிகம். இந்த நோய்ப்பெயர் யார் நெற்றியில் அதிகம் ஒட்டப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

ஒட்டியபின் அது எப்போதும் காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. பர்டெட் கொலை நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 1992 ஏப்ரல் 21 அன்று, கலிபோர்னியாவில் சான் குவென்டின் சிறையில் ராபர்ட் ஆல்டன் ஹாரிஸ் என்பவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த மாநிலத்தில் 25 வருஷத்தில் முதல் முறை. இரண்டு பதின்வயதுப் பையன்களைக் கொன்றவர். அதில் சந்தேகம் இல்லை. தாய் குடித்ததால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டவர் என்பது அவருடைய கருணை மனுவில் முக்கிய வாதம். கவர்னர் பீட் வில்சன் மறுத்துவிட்டார். தண்டனை குறைப்பு என்று வரும்போது இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். பொறுப்பு குறைவு என்று வக்கீல் சொன்னால், அப்படியானால் இவன் திருந்தவே மாட்டானே, ஆபத்தானவனாச்சே என்று அரசுத் தரப்பு அதே அறிக்கையைத் திருப்பிப் பிடிக்கும். போராவுக்கு அது பயன்பட்டதற்குக் காரணம் அவர் நிரபராதி என்பது. அதை மறந்துவிட்டு, நோய்ப்பெயரைக் கேட்டால் நீதிமன்றம் இளகும் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஹாரிஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. 1992-ல் ஓர் அமெரிக்க கவர்னரின் மேஜை வரை போன இந்த அறிவு, 1993-ல் ஆக்லாந்து காவல் நிலையத்திலும் 2000-ல் அங்கே கோர்ட்டிலும் யாரிடமும் இல்லை. முகத்தில் அடையாளம் இல்லாத வகைகளைக் கண்டறியும் முறைகள் தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குப் பிறகுதான் சீரானது என்பது உண்மை. எனவே அன்றைய போலீஸ் எஃப்ஏஎஸ்டியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீடு தெரியாத பையனை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதைக் கண்டுபிடித்திருக்கலாம். அதற்கு அன்றைக்கே எல்லாம் கையில் இருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தவை வேகமாக: அதே மார்ச் மாதக் கடைசியில் பிரிவி கவுன்சில் மறுவிசாரணை வேண்டாம் என்றது. அரசிடம் நஷ்டஈடு கேட்க, தண்டனை ரத்தானால் மட்டும் போதாது, நிரபராதி என்று காட்ட வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ரோட்னி ஹேன்சன் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, நிரபராதியாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம் என்று முடிவு சொன்னார். 2016 ஜூனில் அரசு மன்னிப்புக் கேட்டு, சுமார் 25 லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்தது. பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தது, போன பிறகு இன்னும் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

2019 பிப்ரவரியில் மால்கம் ரேவா மூன்றாவது முறையாக ஜூரி முன் நிறுத்தப்பட்டான். இந்தத் தடவை கொலைக்கும் குற்றவாளி என்று முடிவானது. சூசன் பர்டெட் இறந்து 27 வருஷம் ஆகப்போகிறது அப்போது. 1996-லேயே அவன் பெயர் தெரிந்திருந்தது.